கொடுத்த ஒளியும் சேர்ந்த ஒளியும்



இன்றிரவு உங்கள் வீட்டில் ஒரு சிறிய சோதனையைச் செய்து பாருங்கள். அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கை ஏற்றி, அதன் முகப்பை விரல்களால் இறுக மூடுங்கள். விரல்கள் செக்கச்செவேல் என்று ஒளிவிடும். சிறு வயதில் இந்த விளையாட்டை ஆடாதவர் நம்மில் எவரும் இரார். ஆனால் விளையாட்டாகக் கண்டதையே வினாவாக மாற்றிக் கேட்கும்போதுதான் விஞ்ஞானம் பிறக்கிறது. விளக்கிலிருந்து புறப்பட்டது வெள்ளை ஒளி. விரலைத் தாண்டி வந்ததோ சிவப்பு ஒளி. அப்படியாயின் நீலமும் பச்சையும் எங்கே போயின? விரலுக்குள்ளே எலும்பு இருக்கிறது. அதன் நிழல் ஏன் தெரியவில்லை? புறப்பட்ட ஒளியில் எத்தனை பங்கு மறுபுறம் வந்து சேர்ந்தது?

இவ்வினாக்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒளியையே மருந்தாகக் கொடுக்கும் வைத்தியம் இன்று உலகில் வளர்ந்திருக்கிறது. மருந்து என்று சொன்னவுடனே அளவு என்ற சொல்லும் உடன் வந்துவிடுகிறது. மாத்திரையை மில்லிகிராமில் நிறுக்கிறோம். திரவ மருந்தை மில்லிலிட்டரில் அளக்கிறோம். கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு அகப்படாத ஒளியை எப்படி அளந்து கொடுப்பது? கொடுத்த ஒளி, நோயுள்ள இடத்திற்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை எப்படி அறிவது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் உண்டானதற்கு ஒரு காரணம் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் நான். விளக்கை விட்டு விலக விலக ஒளியின் செறிவு குறையும் என்னும் பாடத்தை எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாடத்தின் உயிரை நான் கண்டது ஓய்வு பெற்ற பிறகுதான்.

என் பேத்தி பிறந்த மூன்றாம் நாள் அவள் உடலில் மஞ்சள் நிறம் படர்ந்தது. பிறந்த குழந்தைகள் பலருக்கு இவ்வாறு மஞ்சள் காணுவது இயல்பு. பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். ஆனால் அந்த நிறத்தை உண்டாக்கும் பிலிருபின் என்னும் பொருள் இரத்தத்தில் அளவுக்கு மிஞ்சினால் மூளைக்குள் புகுந்துவிடும், செவிப்புலனைக் கெடுக்கும், கைகால்களின் இயக்கத்தை வாழ்நாள் முழுவதும் குலைக்கும், உயிருக்கே ஊறு செய்தலும் உண்டு. ஆகவே வைத்தியர், குழந்தையைக் கண் மறைப்பிட்டு நீல விளக்கின் கீழ்க் கிடத்துமாறு பணித்தார். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அதைக் கண்டு நாங்கள் மனம் ஆறினோம்.

அன்றிரவு பணிக்கு வந்த செவிலிப் பெண், உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைக் கொண்டுவந்தாள். அதன் உணர்முனையைக் குழந்தையின் வயிற்றருகே பிடித்து எண்ணைப் பார்த்தாள். தீவிர ஒளி வைத்தியத்திற்கு அந்த எண் 30க்குக் குறையாதிருக்க வேண்டும். அஃதாவது, தோலின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு நானோமீட்டர் அலைநீள அகலத்திற்கு, 30 மைக்ரோவாட் நீல ஒளி விழ வேண்டும். கருவி காட்டியதோ 18. என் முகத்தில் எழுந்த வினாவைக் கண்ட அப்பெண், "ஐயா, விளக்கு எரிகிறது, ஆனால் போதவில்லை" என்றாள்.

குழல்கள் பழையனவாகிவிட்டன என்பது பிறகு தெரிந்தது. புதுக் குழல்களை மாட்டி, விதிமுறை இடங்கொடுக்கும் தூரம் வரை விளக்கையும் தாழ்த்தியபின் கருவியின் எண் 30ஐத் தாண்டியது. இதில் நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. என் கண்ணுக்கு முன்னைய ஒளியும் பின்னைய ஒளியும் ஒன்றுபோலவே தோன்றின! நம் கண் நல்ல ஊழியன். ஆனால் நல்ல அளவுகோல் அன்று. வெளிச்சம் மிகுந்தால் கண்மணி சுருங்குகிறது, குறைந்தால் விரிகிறது. தன்னைத்தானே மாற்றிக்கொள்ளும் படியைக் கொண்டு எவராவது நெல் அளப்பாரா?

இந்த நீல ஒளி வைத்தியம் பிறந்த வரலாறு சுவையானது. இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் பகுதியைச் சேர்ந்த ரோச்போர்டு என்னும் ஊரின் மருத்துவமனையில், 1956ஆம் ஆண்டில், குறைமாதக் குழந்தைகளைப் பேணிய வார்டு என்னும் செவிலியர் ஒருவர் இருந்தார். இளங்காற்றும் வெயிலும் குழந்தைகளுக்கு நல்லவை என்பது அவருடைய நம்பிக்கை. ஆகவே வெயில் நாட்களில் அவர்களை முற்றத்திற்கு எடுத்துச் செல்வார். ஒருநாள் வைத்தியர்கள் சுற்றிவந்தபோது, அவர் ஒரு குழந்தையின் ஆடையை விலக்கிக் காட்டினார். உடலின் மஞ்சள் பெரிதும் வெளுத்திருந்தது. ஆனால் ஒரே ஓர் இடத்தில் முக்கோண வடிவில் மஞ்சள் அழுத்தமாக நின்றது. யாரேனும் எதையாவது பூசிவிட்டார்களோ என்று வைத்தியர்கள் ஐயுற்றனர். பூச்சு ஒன்றும் இல்லை. போர்வையின் ஒரு மூலை அவ்விடத்தை வெயிலிலிருந்து மறைத்திருந்தது, அவ்வளவே. பின்னர் வெயிலில் இருந்துவிட்ட ஓர் இரத்தக் குப்பியிலும் பிலிருபின் குறைந்திருக்கக் கண்டார்கள். கிரெமர் என்னும் வைத்தியரும் அவருடைய தோழர்களும் இதனை ஆராய்ந்து, 1958ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் உலகுக்கு அறிவித்தார்கள்.

அந்த முக்கோணத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஒளி எங்கே சேர்ந்தது, எங்கே சேரவில்லை என்பதைக் குழந்தையின் தோலே எழுதிக் காட்டிவிட்டது. முற்றம் முழுவதும் வெயில் அடித்தது என்பது உண்மை. ஆயினும் முற்றத்து வெயிலை அளந்தால் அந்த மூலையின் நிலை தெரிந்திருக்குமா? தெரிந்திராது. புறப்பட்ட ஒளியை அளப்பது வேறு. சேர்ந்த ஒளியை அளப்பது வேறு. இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த செய்தி இதுதான்.

குழந்தையின் மஞ்சளைப் போக்கும் ஒளி தோலிலும் அதன் நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் வேலை செய்கிறது. ஆகையால் தோலின் மேற்பரப்பில் அளந்தாலே பெரும்பாலும் போதும். நோய் தோலுக்குக் கீழே ஆழத்தில் இருந்தால் என் செய்வது? இக்கேள்வியை நூறாண்டுகளுக்கும் முன்பே எதிர்கொண்டவர் டென்மார்க்கு நாட்டு வைத்தியர் நீல்ஸ் ஃபின்சன் ஆவார்.

அக்காலத்தில் ஐரோப்பாவில் முகத்தை அரித்துச் சிதைக்கும் ஒருவகைத் தோல் காசநோய் பலரை வாட்டியது. அதனால் பீடிக்கப்பட்டோர் பிறர் முன் வரவும் கூசி ஒளிந்து வாழ்ந்தனர். ஃபின்சன் மின்வில் விளக்கின் ஒளியைப் படிகக்கல் வில்லைகளால் குவித்து அந்நோயைக் குணப்படுத்தினார். 1896ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரில் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றியது. 1903ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அவர் செய்த ஒரு சோதனை நம் டார்ச் விளையாட்டை ஒத்தது. ஒருவருடைய காதின் பின்புறத்தில், ஒளி பட்டால் கறுக்கும் புகைப்படத் தாளை வைத்தார். முன்புறத்திலிருந்து நீல ஊதா ஒளியைச் செலுத்தினார். சில நிமிடங்கள் சென்றும் தாள் கறுக்கவில்லை. பிறகு காதை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, இரத்தம் வடியும்படி அழுத்தினார். இப்போது சில நொடிகளிலேயே தாள் கறுத்துவிட்டது! ஒளியை வழிமறித்தது இரத்தம் என்பது விளங்கிற்று. அன்றுமுதல் நோயுற்ற தோலைப் படிகத் தகட்டால் அழுத்தி, இரத்தத்தை விலக்கிக்கொண்டே ஒளியூட்டினார்.

நம் முதல் வினாவிற்கும் இங்கே விடை கிடைத்துவிட்டது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் பெரிதும் விழுங்கிவிடுகிறது. சிவப்பை அத்துணை விழுங்குவதில்லை. ஆகவேதான் விரலைத் தாண்டிச் சிவப்பு மட்டும் வருகிறது. ஃபின்சன் வைத்த அந்தத் துண்டுத் தாளை, திசுவைத் தாண்டிச் சேர்ந்த ஒளியை அறியும் ஒரு மானி என்றே சொல்லலாம்.

இனி, ஒளி வைத்தியத்தின் மற்றொரு கிளையைக் காண்போம். 1900ஆம் ஆண்டில் ஜெர்மனியின் மியூனிக் நகரிலிருந்து ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருடைய ஆசிரியர் தாப்பைனர். அக்ரிடின் என்னும் சாயப் பொருளைக் கலந்த நீரில் வாழும் பாரமீசியம் என்னும் நுண்ணுயிர்கள் சில வேளை விரைவில் மடிந்தன. சில வேளை நெடுநேரம் உயிரோடிருந்தன. சாயத்தின் அளவு ஒன்றுதான். முடிவு மட்டும் வேறுபட்டது. வேறுபாட்டிற்குக் காரணம் அறையில் இருந்த வெளிச்சமே என்று ராப் கண்டார். சாயம் மட்டும் கொல்லவில்லை; ஒளி மட்டும் கொல்லவில்லை; இரண்டும் கூடிக் கொன்றன. இதற்குப் பிராணவாயுவும் வேண்டும் என்பதை அவருடைய ஆசிரியர் குழுவினர் அடுத்த சில ஆண்டுகளில் நிறுவினர். ஒப்புக்கு நம் அகல் விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வேண்டும், சுடர் வேண்டும், காற்றும் வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விளக்கு இல்லை.

இந்த மூன்றின் கூட்டைக் கொண்டு புற்றுநோயை அழிக்கலாம் என்பதைப் பிற்காலத்தில் உறுதியாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவில் பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் டோஹர்ட்டி. 1978ஆம் ஆண்டில் அவரும் அவர் குழுவினரும், தோலிலும் தோலுக்கு அடியிலும் இருந்த 113 கட்டிகளுக்கு இவ்வைத்தியத்தைச் செய்து, அவற்றுள் 111 கட்டிகள் முழுதுமோ பகுதியாகவோ கரைந்தன என்று அறிவித்தனர். அவ்வழியில் வளர்ந்த 'ஃபோட்டோஃப்ரின்' என்னும் மருந்துக்கு 1993ஆம் ஆண்டில் கனடாவும், 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன.

உணவுக் குழாயை அடைத்துக்கொண்ட புற்றுக்கு இம்மருந்தை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் இரத்தத்தில் ஏற்றுகிறார்கள். 40 முதல் 50 மணி நேரம் காத்திருக்கிறார்கள். பின்னர் ஒரு மெல்லிய ஒளியிழையை உணவுக் குழாய்க்குள் செலுத்துகிறார்கள். அதன் நுனிப்பகுதி குழல் விளக்கைப்போல் பக்கமெல்லாம் ஒளிவிடும். லேசர் தரும் 630 நானோமீட்டர் சிவப்பொளி அதன் வழியே பாய்கிறது. ஒளிவிடும் பகுதியின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்திற்கும் 300 ஜூல் என்பது வகுக்கப்பட்ட அளவு.

இங்கே ஒரு நொடி நின்று சிந்தியுங்கள். 300 ஜூல் என்பது எதன் அளவு? இழையை விட்டுப் புறப்பட்ட ஒளியின் அளவு. புற்றுக்குள் சேர்ந்த ஒளியின் அளவு அன்று. இவ்விரண்டும் எத்துணை வேறுபடலாம் என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். தாளும் பென்சிலும் உள்ளவர்கள் உடன் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 100 மில்லிவாட் வீதம் 1,000 நொடிகள் ஒளியூட்டுகிறோம் என்று கொள்வோம். மொத்தம் 100 ஜூல் ஆகிறது. முருகன் என்பவருடைய திசுவில் ஒவ்வொரு 3 மில்லிமீட்டர் ஆழத்திற்கும் ஒளி 37 சதவீதமாகக் குறைகிறது என்க. 3 மில்லிமீட்டரில் 37 ஜூல். 6 மில்லிமீட்டரில் ஏறத்தாழ 14 ஜூல். கந்தன் என்பவருடைய திசுவில் இரத்தம் சற்று மிகுதி. அதே வீழ்ச்சி அவருக்கு 2 மில்லிமீட்டரிலேயே நேர்ந்துவிடுகிறது என்க. அப்போது 6 மில்லிமீட்டர் ஆழத்தில் அவருக்குச் சேர்வது 5 ஜூல் மட்டுமே. விளக்கு ஒன்று, நேரம் ஒன்று, ஏட்டில் எழுதப்படும் அளவும் ஒன்று. ஆயினும் ஒருவருக்குச் சேர்ந்தது மற்றவருக்குச் சேர்ந்ததில் மூன்றில் ஒரு பங்குதான். அந்த ஆழத்தில் புற்றின் வேர் இருந்தால் அது தப்பிப் பிழைத்து மீண்டும் தழைக்கும். இதற்கு அஞ்சி அனைவருக்கும் ஒளியை மும்மடங்காக்கினாலோ, நல்ல திசுவும் வெந்து போகும்.

கணக்கு இத்துடன் முடிந்துவிட்டால் நன்று. ஆனால் திசு ஒளியை விழுங்குவது மட்டும் செய்வதில்லை. நாற்புறமும் சிதறவும் அடிக்கிறது. ஒரு கண்ணாடித் தம்ளரில் நீரை நிரப்பி அதனூடே பாருங்கள். அப்பாலுள்ள எழுத்து தெளிவாகத் தெரியும். சில துளி பாலை விடுங்கள். எழுத்து மங்கி மறையும். ஆனால் தம்ளர் இருண்டுவிடவில்லை, வெண்மையாக ஒளிர்கிறது. பாலிலுள்ள கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியை மோதி மோதித் திசை திருப்புகின்றன. நம் தசையும் ஒளிக்குப் பால் கலந்த நீரைப் போன்றதே. விரலுக்குள் எலும்பின் நிழல் தெரியாத காரணமும் இதுவே. ஒளி நேர்கோட்டில் வராமல் எலும்பைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

இதனால் விந்தையான ஒரு விளைவு நேர்கிறது. கோயில் வாசலில் நின்று உள்ளே நுழைவோரை எண்ணுகிறான் ஒருவன். உட்பிராகாரத்தில் நின்று தன்னைக் கடந்து செல்வோரை எண்ணுகிறான் மற்றொருவன். பக்தர்கள் மும்முறை வலம் வருகிறார்கள். வாசலில் நிற்பவன் எண்ணிக்கை நூறு என்றால், உள்ளே நிற்பவன் எண்ணிக்கை முந்நூறு ஆகும். இருவர் சொல்வதும் மெய்யே. அதுபோலவே, தோலின் மேல் விழும் ஒளி வீதத்தைக் காட்டிலும், தோலுக்குச் சற்றே கீழே ஒரு புள்ளியைக் கடக்கும் ஒளி வீதம் மிகுந்திருத்தல் கூடும். ஏனெனில் சிதறித் திரும்பிய ஒளியும் அப்புள்ளியை மறுமுறை கடக்கிறது. சிறுநீர்ப்பை போன்ற உட்குழிந்த உறுப்புகளில் இவ்விளைவு இன்னும் மிகும். கரி படிந்த சமையலறையில் ஏற்றிய விளக்கைவிட, சுண்ணாம்படித்த அறையில் ஏற்றிய அதே விளக்கு மிகுந்த வெளிச்சம் தருவதில்லையா? சுவருக்குச் சுவர் ஒளி திரும்புவதே காரணம். அந்தச் சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்பதோ ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆகவே விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வந்தனர். வாசலில் நின்று எண்ணிப் பயனில்லை. உட்பிராகாரத்திற்கே ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆள் ஒரு திசையை மட்டும் பார்ப்பவனாகவும் இருத்தலாகாது. எட்டுத் திக்கிலிருந்தும் மேலும் கீழுமிருந்தும் வரும் ஒளியை ஒன்றுபோல ஏற்பவனாக இருக்க வேண்டும். இதற்கென அமைந்த கருவி மிக எளியது. மெல்லிய ஒளியிழை ஒன்றின் நுனியில், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள பால்வெண்ணிறக் குண்டு ஒன்றைப் பொருத்துகிறார்கள். எத்திசையிலிருந்து ஒளி பட்டாலும் குண்டு அதனைச் சிதறச் செய்து, ஒரு பங்கை இழைக்குள் அனுப்புகிறது. இழையின் மறுமுனையில் அதனை மின்சாரமாக மாற்றி அளக்கிறார்கள். கடுகளவுள்ள இக்குண்டைத் திசுவுக்குள்ளேயே வைக்க முடிகிறது. ஒரு சிறு எச்சரிக்கை மட்டும் உண்டு. காற்றில் அளவு திருத்திய குண்டு, ஈரத் திசுவுக்குள் சென்றால் குறைவாகக் காட்டும். ஒளிவிலகல் எண் மாறுவதே காரணம். அதற்குரிய திருத்தத்தால் பெருக்கினால்தான் உண்மை எண் கிட்டும். அளக்கும் கோலையும் அளந்து பார்க்க வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் பழைய பாடம் அன்றோ?

இக்கருவியின் பயனை அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்களின் பணியில் காணலாம். நுரையீரலைப் போர்த்தியுள்ள படலத்தில் படரும் புற்றை அறுத்து நீக்கியபின், மார்புக் கூட்டின் சுவரில் எஞ்சிய நோயணுக்களை அழிக்க அவர்கள் ஒளியைப் பயன்படுத்தினர். மேடு பள்ளம் நிறைந்த அச்சுவரில் எல்லா இடத்திற்கும் ஒரே அளவு ஒளி சேர்வது எப்படி? சுவரின் பல இடங்களில் இத்தகைய குண்டுமானிகளைப் பொருத்தினார்கள். ஒளியிழையைக் கையில் ஏந்திய மருத்துவர், வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிப்பவரைப்போல் அதனை மெல்ல மெல்ல நகர்த்துவார். ஒவ்வொரு மானியின் கணக்கும் அப்போதைக்கப்போது திரையில் ஏறிக்கொண்டே வரும். ஒவ்வொன்றிலும் சதுர சென்டிமீட்டருக்கு 60 ஜூல் சேரும்வரை, குறைவான பக்கம் நோக்கி ஒளியைத் திருப்புவார். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவதில்லை. சேர்ந்த அளவைப் பார்த்தே நிறுத்துகிறார்.

அளவு இவ்வளவு முக்கியமா என்று நீங்கள் கேட்கலாம். கனடாவின் டொரான்டோ நகரில் நடந்து, 2008ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதற்கு விடை கூறும். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புராஸ்டேட் சுரப்பியில், கதிர்வீச்சுக்குப் பின்னும் திரும்பி வந்த புற்றுக்கு அங்கே ஒளி வைத்தியம் செய்தனர். சுரப்பியின் கன அளவில் 90 சதவீதப் பகுதிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 23 ஜூலேனும் சேர்ந்தவர்கள் 13 பேர். அவர்களுள் 8 பேருக்கு, ஆறு மாதம் கழித்துத் திசுவை எடுத்துச் சோதித்தபோது புற்று காணப்படவில்லை. அந்த அளவு ஒளி சேர்ந்தால்தான் முழுப் பயனை எதிர்பார்க்கலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. மற்றொரு பக்கமும் உண்டு. அடுத்திருந்த குடற்பகுதி சேதமுற்றுச் சிலர் அல்லலுற்றனர். ஆகவே குறைவும் தீது, மிகையும் தீது. இரண்டிற்கும் நடுவே உள்ள ஒற்றையடிப் பாதையைக் காட்டுவது அளவுதான்.

ஒளியை இவ்வாறு அளந்துவிட்டால் வேலை முடிந்ததா? முடியவில்லை. அகல் விளக்கில் சுடரை மட்டும் அளந்தோம். எண்ணெயும் காற்றும் எஞ்சியிருக்கின்றன. மருந்து எல்லாத் திசுவிலும் ஒரே அளவில் தங்குவதில்லை. பிராணவாயுவோ, ஒளியை வேகமாகச் செலுத்தினால் இரத்தம் கொண்டுவந்து நிரப்புவதற்குள் செலவழிந்துவிடுகிறது. அப்போது ஒளி வீணே பாய்கிறது. இதனால் மெதுவாக ஒளியூட்டுவதும், இடையிடையே நிறுத்தி இளைப்பாற விடுவதும் சில வேளைகளில் மிகுந்த பயன் தருகின்றன. ஒரே மூச்சில் ஊற்றிய நீர் வரப்பைத் தாண்டி ஓடிவிடும். மெல்ல விட்ட நீரே வேரில் இறங்கும் என்பதை உழவர் வீட்டுப் பிள்ளைகள் அறிவார்கள்.

இம்மூன்றையும் ஒருங்கே அறிய ஆராய்ச்சியாளர் மேற்கொள்ளும் வழிகள் மூன்று. ஒளி, மருந்து, பிராணவாயு ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து கணக்கிடுதல் முதல் வழி. இரண்டாவது வழி, மருந்தின் மங்கலைக் கவனித்தல். ஒளிபட்ட மருந்து தானும் ஒருவகை ஒளியை உமிழும். வேலை நடக்க நடக்க மருந்து சிதைந்து அவ்வொளி மங்கும். எவ்வளவு மங்கியது என்பதைக் கொண்டு எவ்வளவு வேலை நடந்தது என்று உணரலாம். ரோச்போர்டுக் குழந்தையின் தோல் வெளுத்ததை நினைவுகூருங்கள். உடலே எழுதிக் காட்டும் அந்தக் குறிப்பைப் படிக்கும் கலையின் புதிய வடிவம் இது. மூன்றாவது வழி எல்லாவற்றிலும் நுட்பமானது. நோயணுவை உண்மையில் கொல்வது, ஒளியால் கிளர்ச்சியுற்ற பிராணவாயுவே. அது மறையும் கணத்தில், 1,270 நானோமீட்டரில், கண்ணுக்குப் புலனாகாத மிக மங்கிய ஒளியொன்றைக் கசியவிடுகிறது. அந்தக் கசிவையே பிடித்து அளக்க முயல்கிறார்கள். இது கடினமான முயற்சி. மருத்துவமனையின் அன்றாட வழக்கத்திற்கு இன்னும் வந்துவிடவில்லை. உங்களுள் எவரேனும் பிற்காலத்தில் இத்துறையில் புகுந்து இதனை எளிதாக்கினால், இம்முதியவன் மகிழ்வான்.

முடிவாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஆசிரியனாக இருந்த காலத்தில் என் பாடக் குறிப்பேட்டில் நாள்தோறும் "பாடம் முடிந்தது" என்று எழுதிக் கையொப்பமிட்டேன். நான் எழுதியது புறப்பட்ட ஒளியின் கணக்கு. கடைசி பெஞ்சில் இருந்த பையனுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை எத்தனை நாள் அளந்தேன்? நினைத்துப் பார்க்கும்போது மனம் குறுகுகிறது. பேத்தியின் படுக்கையருகே நின்ற அந்தச் செவிலிப் பெண், விளக்கின் பிரகாசத்தைக் கண்டு திருப்தியடையவில்லை; குழந்தையின் வயிற்றருகே சென்று கேட்டாள். அன்பு என்பது கொடுப்பதோடு நின்றுவிடுவதன்று. கொடுத்தது சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதன் கடமை. அளவுகருவி அந்த அன்பின் கை என்றே நான் எண்ணுகிறேன்.

நாளைக்கு உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். இன்றைய கைபேசிகள் பலவற்றில் வெளிச்சத்தை உணரும் சிறு கருவி அமைந்திருக்கிறது. அதன் எண்ணைக் காட்டும் செயலியை ஆசிரியரின் துணையோடு இயக்குங்கள். இருட்டறையில் ஒரு பக்கம் டார்ச் விளக்கு, நடுவே ஒரு தம்ளர் நீர், மறுபக்கம் கைபேசி. விளக்கையும் கைபேசியையும் அசைக்காமல், ஒவ்வொரு துளியாகப் பாலை விட்டு, எண்ணைக் குறித்து, வரைபடம் ஒன்று வரையுங்கள். லேசர் விளக்கு மட்டும் வேண்டா. அது கண்ணைக் கெடுக்கும். பிறகு தம்ளரின் பக்கவாட்டிலும் கைபேசியை வைத்துப் பாருங்கள். நேரே குறைந்த ஒளி எங்கே போயிற்று என்பது உங்களுக்கே விளங்கும். என் மகளுக்கு மகளான அந்தச் சிறுமி இன்று ஓடியாடுகிறாள், டார்ச் விளக்கைக் கையால் பொத்தி, "தாத்தா, சிவப்பு!" என்று கூவுகிறாள். இன்னும் சில ஆண்டுகளில் அவளும் இந்தச் சோதனையைச் செய்வாள்.